லண்டன் பழைய செங்கல் வீட்டில் ஒரு ஃபிளாட்: பார்ப்பதும் பழுதுபார்ப்பதும்

லண்டனில் 1770களிலிருந்து 1900 வரை வரிசை வரிசையாக எழுந்த செங்கல் வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கென்று கட்டியவை. அவற்றில் பல இன்று இரண்டாக, மூன்றாக, ஐந்தாகப் பிரிந்து ஃபிளாட்டுகளாகிவிட்டன. டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல குடியிருப்பதும் இப்படிப் பிரிந்த வீடுகளில்தான். வாங்கும்போது நம் பங்கு அறைகளை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் வீடு பிரிந்தது பத்திரத்தில்தான், கட்டடத்தில் இல்லை. கூரையில் ஈயத் தகடு வெடித்தால் இரண்டு மாடி தாண்டி உங்கள் படுக்கையறைச் சுவரில் கறை வரும். கீழ் ஃபிளாட்டில் யாரோ எப்போதோ இடித்த புகைபோக்கிச் சுவரின் மேல்பாதி உங்கள் தரைமேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே எதைச் செய்தாலும் முதலில் முழு வீட்டையும் பாருங்கள். பிறகு உங்கள் ஃபிளாட்டுக்கு வாருங்கள்.

முகப்பிலிருந்து வயதைக் கணிப்பது

வயது தெரிந்தால் சுவருக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது பாதி தெரிந்துவிடும். எதிர் நடைபாதையில் நின்று ஜன்னல்களைப் பாருங்கள். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டன் கட்டடச் சட்டங்கள் பெரும்பாலும் தீ பரவாமல் தடுக்கும் எண்ணத்தில் எழுதியவை. 1709 சட்டம் ஜன்னல் மரத்தைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம் அதற்கும் மேலே போய், ஜன்னலின் மரப்பெட்டியைச் செங்கலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னது. வெளியே நின்று பார்த்தால் மெல்லிய மரக்கோடு மட்டும் தெரிகிறதென்றால் அந்த முகப்பு அநேகமாக 1774க்குப் பிந்தையது. 1775 முதல் 1783 வரை கட்டிய பெட்ஃபோர்டு சதுக்கத்தில் இதை முழுமையாகப் பார்க்கலாம்.

அடுத்த அடையாளம் கண்ணாடி. சின்னச் சின்னக் கண்ணாடிகள், இடையே மெல்லிய மரக்கம்பிகள் என்றால் பெரும்பாலும் 1840களுக்கு முன். கண்ணாடி வரி 1845இல் நீங்கியதும் பெரிய கண்ணாடிகள் வந்தன. கம்பி குறைந்து கண்ணாடி கனத்ததால் மேல் சட்டகத்தின் இரு அடி மூலைகளிலும் கொம்பு மாதிரி ஒரு மரநீட்சி வைத்து இணைப்பைப் பலப்படுத்தினார்கள். கொம்பு இருந்தால் விக்டோரியா காலத்து ஜன்னல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செங்கலால் அடைத்த ஜன்னலைக் கண்டதும் 'ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது' என்று சொல்லிவிடுவார்கள். அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் பல இடங்களில் உள்ளே புகைபோக்கி ஓடுவதால், முகப்பின் சமச்சீர் கெடாமல் இருக்கவே முதலிலிருந்தே குருட்டு ஜன்னலாகக் கட்டினார்கள். அதைத் திறந்துவிடலாம் என்று திட்டமிடுவதற்கு முன் பின்னால் புகைக்குழல் போகிறதா என்று பாருங்கள்.

கூரை: தண்ணீர் முதலில் நுழையும் இடம்

முன்பக்கம் கைப்பிடிச் சுவர் மட்டும் தெரிந்து கூரையே கண்ணில் படவில்லை என்றால், பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பாருங்கள். சுவரின் தலை இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் அது லண்டன் கூரை. பட்டர்ஃபிளை கூரை என்றும் சொல்வார்கள். பக்கத்து வீடுகளோடு பகிரும் இருபக்கப் பொதுச்சுவர்களிலிருந்தும் சரிவு நடுவே இறங்கும். நடுவில் முன்னிருந்து பின்னுக்கு ஒரே வாய்க்கால். வீட்டின் மொத்த மழையும் அந்த ஒரு வாய்க்காலில் ஓடிப் பின்சுவரில் உள்ள ஒரே குழாய்வாயில் இறங்குகிறது. ஒரு இலைக்கொத்து அடைத்தால் போதும், தண்ணீர் ஈயத்தின் விளிம்பைத் தாண்டி நடு உத்திரத்தில் இறங்கும். அந்த உத்திரம்தான் இரு சரிவுகளையும் தாங்குகிறது. அதன் முனை பின்சுவருக்குள் புதைந்து அழுகினால் கூரையே உட்காரும்.

வருடத்துக்கு இரண்டு முறை, இலை உதிர்ந்தபின் டிசம்பரிலும் மறுபடி வசந்தத்திலும், வாய்க்காலைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டும். கூரைக்குப் போகும் வழி மேல் ஃபிளாட்டுக்குள் இருந்தால் நுழையும் உரிமை லீஸில் (நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தில்) எழுதியிருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். குழாய்வாய்க்குப் பக்கத்தில், தண்ணீர் நிரம்பினால் வெளியே கொட்டும்படி ஒரு தப்புக்குழாய் இல்லையென்றால் போட்டுவிடுங்கள். அதில் தண்ணீர் கொட்டுவதைத் தெருவிலிருந்தே பார்த்து அடைப்பைக் கண்டுபிடிக்கலாம்.

ஈயத்தில் செய்யும் பெரிய தவறு நீளமான துண்டு போடுவது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் ஈயம், நகர இடமில்லாமல் போனால் நடுவில் வெடிக்கும். தடிமனைக் கோடு (code) எண்ணால் சொல்வார்கள். வாய்க்காலுக்குக் கோடு 5 (2.24 மி.மீ.) என்றால் ஒரு துண்டு 2 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் ஒரு படி இறக்கம் வேண்டும். பழைய வெடிப்பின்மேல் ஒட்டுப்பட்டை ஒட்டுவது ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்காமல் போகலாம். இறக்கங்கள் இல்லாத வாய்க்காலை அடிப்பலகையோடு சேர்த்து மாற்றுவதுதான் தீர்வு.

சாதாரண முகட்டுக் கூரை கொண்ட பிந்தைய வீடுகளில் வேறொரு சிக்கல். அசல் சிலேட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்டிருப்பார்கள். சிலேட்டைவிடக் கான்கிரீட் ஓடு கனம் அதிகம். கூரை மரத்தைப் பலப்படுத்தாமல் போட்டிருந்தால் முகடு நடுவில் தொய்ந்திருக்கும், எதிரில் நின்று பார்த்தாலே தெரியும்.

செங்கல் சுவர்

லண்டன் வீடுகளின் மஞ்சள் கல்லுக்கு ஸ்டாக் செங்கல் என்று பெயர். கென்ட், எசெக்ஸ், மிடில்செக்ஸ் மண்ணோடு சுண்ணக்கல் தூளும் சலித்த கரிச்சாம்பலும் கலந்து அறுத்த கல் இது. மஞ்சள் நிறம் சுண்ணத்தால் வந்தது. கல்லில் தெரியும் கரும்புள்ளிகள் உள்ளிருந்தே எரிந்த சாம்பல். சுட்டபோது உண்டான மேல்தோல்தான் இந்தக் கல்லுக்குப் பாதுகாப்பு. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் அந்தத் தோல் போய், கல் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பிக்கும். கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும்.

சுவர் நடுவில் வெற்றிடம் இல்லாத கெட்டிச் சுவர். மேல்மாடிகளில் 9 அங்குலம், கீழே 13½ அங்குலம் அல்லது அதற்கும் மேல். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல்லின் நீளப்பக்கம், அடுத்த கல்லின் தலைப்பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தால் அது ஃபிளெமிஷ் கட்டு. தலைப்பக்கம் தெரியும் கல் சுவருக்குள் ஆழமாகப் போய் முன்தோலையும் பின்தோலையும் பிணைக்க வேண்டும் என்பது கணக்கு. ஜார்ஜிய காலத்து (1714–1830) ஒப்பந்தக்காரர்கள் பலர் விலை கூடிய முகப்புக் கல்லை மிச்சம்பிடிக்க, அந்தக் கல்லைப் பாதியாக உடைத்து வெறும் முகத்துக்கு வைத்தார்கள். வெளியே ஒழுங்கான கட்டு தெரியும். உண்மையில் முன்பக்கம் நாலரை அங்குலத் தோல் தனியாக நிற்கும். போதாததற்குச் சுவருக்குள் கிடைமட்டமாக மரத்துண்டுகளையும் புதைத்தார்கள். அது மக்கி நசுங்கும்போது சுவர் வெளியே புடைக்கிறது.

புடைப்பைக் கண்டுபிடிக்க, சுவர் ஓரத்தில் கன்னத்தை வைத்து மேலே பாருங்கள். நேர்கோடு கிடைக்க, மேல்மாடி ஜன்னலிலிருந்து தூக்குநூல் விட்டு ஒவ்வொரு மாடியிலும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். சந்தேகமான இடத்தில் மரச்சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று சுருக்கமாக வரும் ஓசை, பிரிந்த தோலில் பொந்துபோல் எதிரொலிக்கும். பிரிந்திருந்தால் இடிக்க வேண்டியதில்லை. துருப்பிடிக்காத முறுக்குக் கம்பிகளைத் துளைபோட்டு உள்தோலில் பிணைக்கலாம். எத்தனை கம்பி, என்ன இடைவெளி என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முடிவு செய்யட்டும். விற்பனை ஆள் சொல்லும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

விரிசலுக்கு ஒரு அளவுகோல்: 5 மி.மீ. வரை உள்ளது பொதுவாகத் தோற்றத்தைக் கெடுக்கும் வகை. அதற்கு மேல் போனால், அல்லது படிக்கட்டு மாதிரி ஏறினால், காரணத்தைத் தேடணும். லண்டன் களிமண் கோடையில் சுருங்கி மழைக்காலத்தில் உப்பும்; பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் அதிகம். ஒரு வருடமாவது அளந்து பார்த்தால்தான் விரிசல் வளர்கிறதா, மூச்சு விடுகிறதா என்று தெரியும்.

சந்து பூசுவது: சுண்ணாம்பு ஏன், எப்படி

இந்தப் பகுதியில் செய்யும் தவறுதான் இந்த வீடுகளை அதிகம் கெடுக்கிறது. கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் சந்து; பழைய சுவரில் அதை நிரப்பும் சாந்து சுண்ணாம்பு. கல்லைவிட மென்மையானது, கல்லைவிட எளிதாக ஈரத்தை வெளியே விடும். மழையில் நனைந்த சுவர் சந்து வழியாகவே உலர்கிறது. அங்கே சிமெண்டு பூசினால் சந்து மூடிக்கொள்ளும். ஈரம் கல் வழியாக வெளியேறும். கூடவே உப்பும் வரும். பனி உறையும் இரவுகளில் கல்லின் முகம் சில்லுச் சில்லாகப் பெயரும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்டுக் கோடுகள் வலைபோல முன்னே துருத்தி நிற்கும், கல் குழிந்து போயிருக்கும். சுவர் நடுங்கும்போதும் சிமெண்டு வளைந்து கொடுக்காது, கல்லைத்தான் உடைக்கும்.

சாந்து உண்மையிலேயே தேய்ந்து, கல்லின் முகத்திலிருந்து விரல் நுழையும் அளவு உள்ளே போயிருந்தால் மட்டும் பூசுங்கள். கெட்டியாக இருக்கும் பழைய சாந்தைக் கிளறத் தேவையில்லை. வேலை இப்படி:

1. பழைய சாந்தைச் சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., எடுக்கவும். மெல்லிய உளியும் சுத்தியும் போதும். கிரைண்டர் எடுத்தால் குத்துச்சந்தில் மேலும் கீழும் உள்ள கல்லை வெட்டிவிடும், அந்த வெட்டு என்றைக்கும் போகாது. சிமெண்டு கல்லோடு ஒட்டிக்கொண்டு கல்லையும் பெயர்த்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்; சிமெண்டு தானாகத் தளரும்வரை விடுவதே மேல்.

2. தூசியைத் தூரிகையால் கூட்டி, தெளிப்பானால் சந்தை நனைக்கவும். முதல்நாள் மாலை ஒருமுறை, பூசும் முன் ஒருமுறை. காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை நொடியில் குடித்துவிடும், சாந்து பிடிக்காமல் பொடியாகும். சொட்டும் ஈரமும் கூடாது.

3. ஸ்டாக் கல்லுக்குப் பொதுவாக என்எச்எல் 3.5 என்று கடையில் விற்கும் சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. கல் மிகவும் மென்மையாக இருந்தால் என்எச்எல் 2. மணலில் நைசும் பெருநொறுக்கும் கலந்திருக்க வேண்டும், கட்டுமானத்துக்கு விற்கும் மென்மணல் சுருங்கி வெடிக்கும். நிறமும் மணலிலிருந்துதான் வருகிறது. ஆகவே பழைய சாந்தை உடைத்துப் பார்த்து அதன் மணலோடு ஒத்த மணலைத் தேடுங்கள்.

4. அளவு: சந்து 10 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டர் சுவருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் சாந்து, சேதாரத்தோடு 6. கொஞ்சம் கெட்டியாகக் கலக்குங்கள். பிடித்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது.

5. மெல்லிய கரணையால் உள்ளிருந்து அழுத்தி நிரப்பவும். கல்லின் ஓரம் தேய்ந்து உருண்டிருந்தால் முகத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். முகம்வரை கொண்டுவந்தால் சந்து இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும், முகப்பே மாறிவிடும்.

6. கட்டைவிரலால் அழுத்தினால் குழியாமல், நகத்தால் கீறினால் கீறும் பதம் வந்ததும், முரட்டுத் தூரிகையின் முனையால் குத்திக் குத்தி அடியுங்கள். தேய்க்கக் கூடாது. மேலே படிந்த பாலாடைபோன்ற படலம் உடைந்து மணல் தெரியும், சாந்து கல்லோடு இறுகும். இந்தப் பதத்தைத் தவறவிட்டால் சந்து வெண்மையாகப் பிசிறி நிற்கும்.

7. ஈரச் சணல்சாக்கை முன்னால் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில், காற்று, மழை படாமல் காப்பாற்றவும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாள்களில் வேலையைத் தொடங்கவே கூடாது.

சில முகப்புகளில் கல்நிறச் சாந்தின்மேல் நூல் பிடித்தாற்போல் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடும். டக் பாயிண்டிங் என்ற தனிக்கலை அது. கரடுமுரடான கல்லை நுணுக்கமான கட்டாகக் காட்டும். அது மிச்சமிருந்தால் பொதுக் கொத்தனாரிடம் விடாதீர்கள். ஜன்னல் மேல் உள்ள தட்டையான செங்கல் வளைவும் அப்படியே. அந்தச் சிவப்புக் கற்களைத் தேய்த்து வடிவாக்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுண்ணாம்பு விழுதில் அடுக்கியிருக்கிறார்கள். வளைவுக்குப் பின்னால் ஒரு மர லிண்டலும் உண்டு. வளைவின் நடுக்கற்கள் இறங்கினால் அந்த மரத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஓதம்

கீழ்த்தள ஃபிளாட்டில் சுவரில் உப்பு பூத்தால் உடனே 'தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, ரசாயனம் ஊசிபோட வேண்டும்' என்பார்கள். 1870களுக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஓதத்தடுப்பு அடுக்கே கிடையாது. ஆனாலும் ஒழுங்காகப் பராமரித்த சுவர் காய்ந்தே இருக்கிறது. ஈரம் சேர்ந்ததற்கு வேறு காரணம் இருக்கும். அதை இந்த வரிசையில் தேடுங்கள்: மழைநீர்க் குழாயின் பின்புறம் துருப்பிடித்து விண்டிருக்கிறதா, வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ.யாவது தாழ்ந்திருக்கிறதா, மரத்தரைக்குக் கீழே காற்றுப் போகும் துளைக்கற்களை மண்ணோ பெயிண்ட்டோ அடைத்திருக்கிறதா, நிலத்தடிக் கழிவுக்குழாய் கசிகிறதா, சுவருக்கு வெளியே சிமெண்டுப் பூச்சு இருக்கிறதா. கையில் பிடிக்கும் மின்அளவி மரத்துக்கு உரியது. செங்கலில் உப்பு இருந்தாலே அது அதிகம் காட்டும். அந்த எண்ணை வைத்து ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழிக்காதீர்கள்.

காரணத்தைச் சரிசெய்தபின் பொறுமை வேண்டும். கெட்டிச் சுவர் காய்வதற்குத் தோராயக் கணக்கு மாதத்துக்கு ஓர் அங்குலம்; 9 அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதற்குள் பூசிப் பெயிண்ட் அடித்தால் மறுபடி உரியும். உள்பூச்சும் சுண்ணாம்பாக இருக்கட்டும். வெளியே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம்.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உலர் அழுகல் என்ற பூஞ்சை வர இடம் உண்டு. சதுரம் சதுரமாக வெடித்த பழுப்பு மரம், துருநிறத் தூள், காளான் வாடை இதன் அடையாளங்கள். இது செங்கல் சுவரைத் தாண்டி அடுத்த ஃபிளாட்டின் மரத்துக்கும் போகும். கண்டால் அன்றே மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை என்றால் அது பெரும்பாலும் உள்ளிருந்து வந்த ஆவி. குளிர்ந்த கெட்டிச் சுவரில் பட்டு நீராகிறது. தினமும் சோறு வடித்து, இட்லி அவிக்கும் வீட்டில் உறிஞ்சு விசிறி ஆவியை வெளியே தள்ள வேண்டும்; கரிவடிகட்டியால் சுற்றி மறுபடி அறைக்குள் விடும் வகை உதவாது. விதிப்படி அடுப்புக்கு மேலுள்ள விசிறி நொடிக்கு 30 லிட்டர், அடுப்பிலிருந்து தள்ளி இருந்தால் 60, குளியலறைக்கு 15. அலமாரியைச் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி வையுங்கள்.

பாரம் எங்கே இறங்குகிறது

மூல வீட்டில் அடித்தளம் சமையலுக்கு, தரைத்தளம் சாப்பாட்டறைக்கு, முதல்மாடி வரவேற்புக்கு. உயரமான ஜன்னல்கள் அங்கேதான் இருக்கும். மேலே படுக்கையறைகள், உச்சியில் வேலையாட்கள். ஒவ்வொரு மாடியிலும் முன்னறை, பின்னறை, பக்கத்தில் மாடிப்படி. இரண்டு அறைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தட்டினால் பொந்துச் சத்தம் வரும். வெறும் மறைப்புத்தான் என்று நினைத்து, ஃபிளாட் பிரித்த காலத்தில் பலர் அதை வெட்டித் திறந்தார்கள். ஜார்ஜிய வீடுகளில் அது பலநேரம் உள்ளே சாய்கட்டைகள் கொண்ட மரத்தாங்கி. தன்மேல் உள்ள தரையையும் மேல்மாடித் தடுப்பையும் சுமக்கிறது. சாய்கட்டையை வெட்டினால் மேல்தரை நடுவில் தொய்யும், கதவுகள் சாய்சதுரமாகும். உங்கள் தரைப்பலகை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். தரை உத்திரங்கள் அதற்குக் குறுக்காக ஓடும். ஆணி வரிசை அவை இருக்கும் இடத்தைக் காட்டும். உத்திரத்தின் முனை எந்தத் தடுப்பில் உட்கார்கிறதோ, அதைத் தொடாதீர்கள்.

புகைபோக்கிச் சுவர் உங்கள் அறையில் இல்லாமல், மேல் ஃபிளாட்டிலும் கூரையிலும் இருந்தால், அதைத் தாங்கும் இரும்பு எங்கே என்று கேளுங்கள். கட்டடக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் கேளுங்கள். கல்படிகள் சுவரிலிருந்து நீண்டு கீழே தாங்கலின்றி நின்றால், ஒவ்வொரு படியும் சுவருக்குள் சில அங்குலமே நுழைந்து, கீழ்ப்படியின்மேல் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சுவரில் வயருக்காகக் காடி வெட்டக் கூடாது.

தரை: சத்தமும் தீயும்

ஃபிளாட்டுகளுக்கு இடையே இருப்பது பலகை, உத்திரம், ரீப்பர்மேல் பூசிய சுண்ணாம்புக் கூரைப்பூச்சு மட்டும். ஒரே குடும்பத்துக்கு அது போதும். இன்றைய விதி, பிரித்துக் கட்டும் ஃபிளாட்டுக்குக் காற்றுவழிச் சத்தத்தில் குறைந்தது 43 டெசிபல் தடுப்பும், காலடிச் சத்தம் அதிகபட்சம் 64 டெசிபலும் கேட்கிறது. கீழிருந்து செய்வதே பலன் அதிகம்: பழைய கூரைப்பூச்சுக்குக் கீழே 25 மி.மீ. இடைவெளி விட்டுத் தனி மரச்சட்டங்கள், அவற்றின் இடையில் 100 மி.மீ. கனிமக் கம்பளி, அடியில் இணைப்பு மாற்றிப் போட்ட இரண்டு அடுக்கு பிளாஸ்டர்போர்டு, சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஆனால் பூவேலைப்பாட்டுக் கூரை உள்ள அறையில் இதைச் செய்தால் அதை மூடிவிடுவீர்கள். அங்கே மேல் ஃபிளாட்காரரிடம் பேசி, பலகையைத் தூக்கி உத்திரங்களுக்கு நடுவே கம்பளி நிரப்பி, மேலே மெத்தைப் பட்டையோடு மிதவைத்தரை போட வேண்டும். தூக்கும்போது அடியில் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த பழைய நிரப்பு இருந்தால் அள்ளி எறியாதீர்கள், அதன் எடைதான் சத்தத்தை அடக்குகிறது.

குழாய் போகும் ஒவ்வொரு ஓட்டையையும் தீத்தடுப்புப் பசையால் அடையுங்கள். ஃபிளாட் வாசல்கதவு எஃப்டி30எஸ், அதாவது 30 நிமிடத் தீயும் புகையும் தாங்கும் வகையாக, தானாக மூடும்படி இருக்க வேண்டும். 1999க்கு முன் பிரித்த வீடென்றால் குழாயை மறைத்த பெட்டியிலும் சொரசொரப்பான கூரைப்பூச்சிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். துளைபோடும் முன் மாதிரி எடுத்துப் பரிசோதியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும்.

சாஷ் ஜன்னல்

மேலும் கீழும் நகரும் இந்த ஜன்னலைக் கழற்றிப் பிளாஸ்டிக் வைக்காதீர்கள். நூறு ஆண்டுக்கும் மேலான பைன் மரம் இன்று கிடைக்காது. நகராத ஜன்னலில் பெரும்பாலும் கயிறு அறுந்திருக்கும், அல்லது பெயிண்ட் ஒட்டியிருக்கும். உள்பக்க ஓரப்பட்டையைப் பெயர்த்துக் கீழ்ச் சட்டகத்தை எடுங்கள். நடுப்பட்டையை எடுத்தால் மேல்சட்டகம் வரும். பக்கக் கட்டையில் உள்ள சின்ன மரமூடியைத் திறந்தால் இரும்பு எடை தெரியும். மெழுகிட்ட 6 மி.மீ. பருத்திக் கயிற்றின் முனையில் ஒரு நூலையும் சின்ன ஈயத்துண்டையும் கட்டி, உருளைக்கு மேலாக உள்ளே விட்டு இழுங்கள். எடை, சட்டகம் கடைசிவரை ஏறியபோது பெட்டியின் அடியில் இடிக்காத நீளத்துக்குக் கயிறு இருக்க வேண்டும். ஆணிகளைச் சட்டகத்தின் பக்கக்காடியில் கீழ்ப்பகுதியில் அடியுங்கள். மேலே அடித்தால் ஜன்னல் முழுக்க ஏறாது.

எடைக்கணக்கு: சட்டகத்தைக் கண்ணாடியோடு நிறுங்கள், அதில் பாதி ஒரு பக்க எடை. மேல்சட்டகத்துக்குச் சற்றுக் கூட, கீழ்சட்டகத்துக்குச் சற்றுக் குறைய வைத்தால் இரண்டும் மூடியே நிற்கும். கண்ணாடியை மாற்றினால் எடையையும் மாற்றணும்.

அனுமதியும் செலவுப் பங்கும்

வீடு, பாரம்பரிய மதிப்புக்காக அரசு பட்டியலிட்ட கட்டடமா என்று முதலில் பாருங்கள். முதல்நிலையோ இரண்டாம்நிலையோ, பட்டியல் உள்ளறைகளையும் சேர்த்தே காக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். முன்னவர் செய்த மாற்றத்தைத் திருப்பச் சொல்லும் ஆணை இன்றைய உரிமையாளர்மீதும் வரும், அதற்குக் காலவரம்பு இல்லை. பட்டியலில் இல்லாத ஃபிளாட்டுக்கும், அனுமதி கேட்காமலே சில மாற்றங்களைச் செய்யலாம் என்று தனி வீட்டுக்காரர்களுக்குள்ள பொதுச் சலுகை கிடையாது. ஜன்னலின் தோற்றம் மாறினால் திட்ட அனுமதி வேண்டும். பொதுச்சுவரில் வேலை என்றால் 1996 பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ். ஃபிளாட்டுகளுக்கு இடையேயான தரைக்கு இந்தச் சட்டம், தனித்தனி வாசலோ தனித்தனிப் படியோ இருந்தால்தான் பொருந்தும். பொதுப் படிக்கட்டு உள்ள வீட்டில் லீஸ்தான் பேசும்.

லீஸில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: வெளிச்சுவர், உத்திரம், ஜன்னல். ஜன்னலின் மரம், முழுக் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையது, கண்ணாடி உங்களுடையது என்று எழுதியிருப்பதும் உண்டு. ஒரே சாரத்தில் வாய்க்கால், சந்துப்பூச்சு, ஜன்னல், பெயிண்ட் எல்லாம் முடித்துக்கொள்ளும்படி மற்றவர்களோடு பேசுங்கள். சாரம் இரண்டு முறை கட்டுவதுதான் வீண்செலவு. ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் ஃப்ரீஹோல்டர் முறையாக இரண்டு கட்டமாக, ஒவ்வொன்றும் 30 நாள், எல்லோரிடமும் கருத்துக் கேட்டாக வேண்டும். இடையில் விலைப்புள்ளி வாங்கவும் நாள் போகும். சுண்ணாம்பு பூச ஏற்ற மே மாதத்தில் சாரம் ஏற வேண்டுமென்றால், முதல் நோட்டீஸ் ஜனவரி தொடக்கத்தில் போயாக வேண்டும்.